ஆமைக் குஞ்சின் கட்டுச்சோறும் ஒரு பிடி பழைய மாவும்

மகன்,

ஸலாம். கம்பளையில் எல்லாரும் சுகம். பாண் சுடுகிற போறணை அடுப்பும் சுகம்தான், நெற்றியில் மட்டும் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. உன் உம்மாவின் நெற்றியிலும் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. அது உன் கடுதாசியை நான் வாசித்துக் காட்டிய பிறகு விழுந்தது. போறணையின் வெடிப்புக்குக் களிமண் குழைத்துப் பூசினால் போதும். மற்றதற்கு என்ன பூசுவது என்று தெரியாமல்தான் பேனையை எடுத்திருக்கிறேன். என் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். ஒதுக்குப்புறமாகப் போய்த் தனியாக வாசித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிற நேரம் பார்த்து வாய்விட்டு வாசி. மாமனாரும் கேட்கட்டும், மாமியும் கேட்கட்டும், உன் பெண்சாதியும் கேட்கட்டும். கல்யாணம் பேசுகிறபோது உன்னைப் பற்றி நான் அவர்களிடம் சொன்னதில் பாதி பொய். எந்தப் பாதி என்று இதற்குள் அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள், ஆகையால் இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

நீ எழுதியது நாலு வரி. நாவலப்பிட்டியில் உன் புதுப் போறணை காய்ந்துவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முதல் பாண் போடப் போகிறாய் என்று முதல் வரி. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ‘பழைய மா அனுப்ப வேண்டாம், டின்னில் வருகிற ஈஸ்ட் வாங்கி வைத்திருக்கிறேன்’ என்றிருந்தது. அதற்கடுத்து, ‘உம்மாவையும் இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் என் காலில் நின்று பார்க்கிறேன்’ என்றிருந்தது. கடைசி வரியில் ஸலாம். உன் உம்மா அந்த நேரம் உனக்கு அனுப்ப மாசிச் சம்பலைப் போத்தலில் அடைத்துக்கொண்டிருந்தாள். போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நம்ம மாவே வேணாமாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சம்பலை அன்று நான்தான் சாப்பிட்டேன். நல்ல உறைப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான் என்று வைத்துக்கொள்.

உன் மாமனார் வீட்டாருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மற்றப் போறணைக்காரர்கள் மாவைப் புளிக்க வைக்கக் கள் ஊற்றுவார்கள். எங்கள் போறணையில் அது இல்லை. இன்றைக்குப் பிசைகிற மாவில் ஒரு பிடி எடுத்துச் சட்டியில் போட்டு ஈரத்துணியால் மூடி வைப்போம். நாளைக்கு அதைக் கரைத்துப் புது மாவில் சேர்ப்போம். அந்த மாவில் ஒரு பிடி, நாளை மறுநாளுக்கு. இப்படியே. என் முதலாளி எனக்கு ஒரு பிடி தந்தார், அவருக்கு யார் தந்தது என்று நான் கேட்கவில்லை. போறணை இடிந்து திரும்பக் கட்டியிருக்கிறோம், ஆறு பெருகிக் கடைக்குள் தண்ணீர் வந்திருக்கிறது, அந்தச் சட்டி மட்டும் ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை. அதில் ஒரு பிடிதான் உனக்கு வேண்டாம் என்கிறாய். நீ சொல்வது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, மெய்யாகவே தெரியவில்லை. யோசித்துப் பார்க்கப் பார்க்க அந்த ஆமைக் குஞ்சுகள்தான் மனதில் வந்து நடக்கின்றன. பாண் விஷயத்தில் ஆமை எங்கே வந்தது என்று உன் மாமனார் கேட்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல். ஆமை அல்லவா, மெதுவாகத்தான் வரும்.

அப்போது உனக்கு எட்டு வயதிருக்கும். உன் தங்கச்சி பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. போறணையின் முதுகில் சூடு நிற்பதற்காக மணல் போட்டு மூடுவோம் இல்லையா, அதற்காக மகாவலிக் கரையிலிருந்து ஒரு மாட்டுக் கரத்தை மணல் கொண்டுவந்து பின்பக்கத்து மூலையில் குவித்திருந்தேன். மழை, கல்யாண ஓடர், உன் தங்கச்சி என்று வேலை தள்ளிப் போய்ப் போய் மணல் அங்கேயே கிடந்தது. பக்கத்தில்தான் மா பொங்குகிற தொட்டி. மா பொங்குகிற அளவுச் சூடுதான் ஆமை முட்டைக்கும் வேண்டுமாம். அது எனக்கு எப்படித் தெரியும்? மணலுக்குள் முட்டை இருந்ததே தெரியாது. ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து நிற்கிறேன், மா பிசைகிற மாரிமுத்து அண்ணன் உருண்டை உருண்டையாகச் சுட்ட பணிஸ் கூடையைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். புசல்லாவைத் தோட்டத்திலிருந்து வந்த மனிதர், பகிடி தெரியாதவர், பெருநாளிலும் சிரிக்கமாட்டார். அவர் சொன்னார்: “மொதலாளி, பணிஸ் ஒண்ணு நடந்து போகுதுங்க.”

“வெந்த பணிஸா, வேகாத பணிஸா?” என்று கேட்டேன். அவர் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, “அடிப்பக்கம் வேகலைங்க” என்றார்.

எடுத்துப் பார்த்தால் ஆமைக் குஞ்சு. ஓடு முழுக்க மணல். மணலைக் கிளறினோம். இன்னும் இரண்டு குஞ்சு இருந்தது, சில முட்டை அழுகிக் கிடந்தது. மூன்று குஞ்சுக்கும் வயிற்றின் நடுவில் ஒரு மஞ்சள் பை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கடலைப் பருமன் இருக்கும், மேலே மெல்லிய இரத்த நரம்பு. முட்டை உடைத்து மஞ்சள் கருவைத் தனியே எடுப்போமே, அதே நிறம். பார்த்த உடனே எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பாண் நடுவில் வேகாவிட்டால் அடியில் இப்படித்தான் பிசுபிசுவென்று இருக்கும். இந்தக் குஞ்சுகள் நேரத்துக்கு முந்திப் போறணையைவிட்டு இறங்கிவிட்டன என்று முடிவு கட்டிவிட்டேன். வேகாத பாணை என்ன செய்வோம்? திருப்பி உள்ளே வைப்போம். நெருப்பைத் தள்ளி எடுத்த பிறகு போறணை வாயின் ஓரத்தில் இளஞ்சூடு நிற்குமே, அங்கே ஒரு பணிஸ் தகரத்தில் ஈரத்துணி விரித்து முதல் குஞ்சை வைத்தேன். பாண் போடுகிறவனுக்கு உலகத்தில் எல்லாமே கொஞ்சம் வேகாததாகத்தான் தெரியும். நீயும் இனிப் பார், உன் மாமனாரே ஒருநாள் அப்படித் தெரிவார். (இந்த இடத்தை வாசிக்காமல் விட்டுவிடு.)

மற்ற இரண்டையும் நீ சட்டையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாய். உள்ளே உன் தங்கச்சியைக் குளிப்பாட்ட வந்த ஒஸ்தா மாமி இருந்தார். கம்பளையில் பாதிப் பேருக்குத் தொப்புள் கொடி வெட்டினவர் அவர். உனக்கும் அவர்தான் வெட்டினார். மஞ்சள் பையைக் கண்டதும் அவருடைய கை சும்மா இருக்குமா? “கொடிய இப்பிடியே உட்டா சீழ் புடிச்சிரும்” என்று சொல்லி, உன் உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து ஒன்றுக்கு இறுக்கிக் கட்டி, கத்தரியால் கறுக் என்று வெட்டிவிட்டார். நீ வீறிட்டாய். மூன்றாவதையும் நூலோடு எட்டிப் பிடிக்கப் போனார். படுக்கையிலிருந்த உன் உம்மா கையை நீட்டி அதைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சூடும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம் என்றாள். “புள்ள பசியோட ஈக்கிது. பசிச்ச புள்ளைக்குச் சோறு போடாம ஆளுக்கொரு வேல காட்டுறீங்க.” பச்சைப் பிள்ளைக்காரி அப்போது. பசி ஒன்றுதான் அவளுக்குக் கண்ணில் தெரியும். முட்டை அவித்து மஞ்சளை மசித்தாள், பாணைப் பாலில் ஊறப் போட்டாள், விரல் நுனியில் வைத்து நீட்டினாள். குஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்ன வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் ஈரமணல் போட்ட சட்டி ஒன்றில் அதை விட்டுவிட்டு, தின்னாத சோற்றைச் சுற்றி வந்த எறும்பை விரட்ட உன்னைக் காவல் வைத்தாள்.

நீ மூன்றுக்கும் பெயர் வைத்தாய். என்னுடையது ‘பணிஸ்’. மாமி வெட்டியது ‘நூல்’. உம்மாவுடையது ‘தூங்கி’. பெயர் வைப்பதில் நீ கெட்டிக்காரன். உனக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறபோது மட்டும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரைக்கும் குழப்பம். பணிஸின் மஞ்சள் பை மெதுமெதுவாக வயிற்றுக்குள் போய்த் தையல் போட்டது போல மூடிக்கொண்டது. குஞ்சு கும்மென்று இருந்தது. நான் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன், “பாருங்க, எப்பிடி வெந்தீக்கி” என்று. தூங்கியின் பையும் யாரும் தொடாமலே உள்ளே போனது. அது சட்டிக்குள் தூங்கியது, ஒன்றும் தின்னவில்லை, ஆனால் மெலியவும் இல்லை. உன் உம்மா மட்டும் மெலிந்தாள். நூல்தான் பரிதாபம், எலும்பும் ஓடுமாக இருந்தது. ஆனால் மற்ற இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த நாட்களில் அது மட்டும் எறும்பு, புழு, மாரிமுத்து அண்ணனின் வெற்றிலைத் துண்டு என்று கண்டதையெல்லாம் துரத்தியது. வெட்டினவரை உன் உம்மா திட்ட, ‘பாருங்க என் புள்ளையை’ என்று மாமி அதைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிய, வீட்டில் ஒரு பெரிய வழக்கே நடந்தது.

ஒரு காலை பணிஸ் தகரத்தில் அசையாமல் கிடந்தது. மூன்றிலும் பார்வைக்கு நன்றாக இருந்தது அதுதான். நீ அதைப் புதைக்க விடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே திரிந்தாய். அன்று பாண் வாங்க வந்த ஆஸ்பத்திரி அப்போத்திக்கரி ஐயா உன்னைக் கண்டு என்னவென்று கேட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், கதிரையில் உட்காராமல் போகமாட்டார், உட்கார்ந்தால் எழும்பமாட்டார். நீ குஞ்சை எடுத்து அவர் கையில் கொடுத்து, இவன் எதனால் மௌத்தானான் என்று பெரிய மனிதன் போலக் கேட்டாய். அவர் சிரிக்கவில்லை. வாழையிலை ஒன்று கேட்டு வாங்கி, சின்னக் கத்தியால் அடி ஓட்டை மெல்ல விலக்கிக் காட்டினார். உள்ளே குடலோடு ஒட்டி அந்த மஞ்சள் அப்படியே இருந்தது. கொஞ்சம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

“உது நோயும் இல்லை, கொடியும் இல்லை,” என்றார். “தாய் கட்டிக் குடுத்த சோறு. முட்டைக்குள்ள திண்டு மிஞ்சினதை வயித்துக்குள்ள இழுத்து வைச்சுக்கொண்டுதான் குஞ்சு வெளியில வரும். மண்ணைக் கிளறி மேல வரவும், இரை தேடப் பழகுமட்டும் பசி தாங்கவும் அது காணும். அதுதான் உங்கட வீட்டுக்காரி குடுத்ததை மற்றது தொடேல்லை. வயிறு நிறைஞ்சிருக்கு.”

கதவுக்குப் பின்னால் நின்ற உன் உம்மா இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் விடவில்லை. “சோறு மடியில ஈக்க, இவன் ஏன் மௌத்தானான்?” என்றேன்.

“சூடு கூடிப் போச்சோ, உள்ள இருந்தது பழுதாப் போச்சோ. எனக்கும் விளங்கேல்லை.”

“அப்ப வெட்டினது உசிரோட ஈக்கிதே?”

அவர் கீழே பார்த்தார். நூல் அவருடைய சப்பாத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. “இது செத்திருக்க வேணும்,” என்றார். மீசையைத் தடவிக்கொண்டே, “வெட்ட முந்தியே கொஞ்சம் உள்ளுக்குப் போயிருக்கும் போல. எவ்வளவு எண்டு ஆர் கண்டது?” என்று சொல்லிப் பாணை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மாரிமுத்து அண்ணன் பின்னால் ஓடிக் கொடுத்துவிட்டு வந்தார்.

படித்த மனிதருக்கே விளங்காதது, ‘அலிஃப் பே’யும் கடைக் கணக்கும் கடுதாசி எழுத்தும் மட்டும் தெரிந்த எனக்கு விளங்குமா? ஆனாலும் நான் சும்மா இருந்தேனா? இல்லை. ஆமையிலிருந்து ஒரு பாடம் எடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம். உனக்குப் பதினைந்து வயதானபோது எனக்கு நூலின் பாடம் சரியாகப் பட்டது. வெட்டிவிட்டால் பிள்ளை ஓடிப் பிழைக்கும் என்று நினைத்து உன்னைக் கண்டியில் ஒரு போறணையில் வேலைக்கு விட்டேன். உம்மாவிடமிருந்து உனக்கு ஒரு பொதியும் போகக்கூடாது என்று உத்தரவு போட்டேன். நீ திரும்பி வந்தபோது கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. எப்படி இருந்தாய் என்று கேட்டால், சும்மா இருந்தேன் என்றாய். உன் உம்மா என்னோடு பேசுவதை நிறுத்தி, எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொன்னாள். சரி, பாடம் பிழை என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் நீ அங்கே பழகிவந்த சீனிப் பணிஸுக்குத்தான் இன்றைக்கும் தோட்டத்துப் பங்களாக்களிலிருந்து ஆள் வருகிறது. பிழையென்றால் அது எப்படி வந்தது? உன் தங்கச்சி விஷயத்தில் தூங்கியின் பாடத்தைப் பிடித்தேன். ஒன்றும் நெருக்காதே, பக்கத்தில் எல்லாம் வைத்துவிட்டுக் காத்திரு, தானாக வாய் திறக்கும் என்று. அவள் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்குகிறாள். எழும்பினால் பத்திரிகையை முதலிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். இதை இலாபம் என்பதா, நட்டம் என்பதா? பணிஸின் பாடத்தை நினைத்து, சூடு கூடிவிடுமோ என்று பயந்து, உன்னைக் கிட்ட எடுத்து வைத்துக்கொள்வதைக் குறைத்துக்கொண்ட காலமும் உண்டு. ஆண்பிள்ளை வளர்கிறான், இனி இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உனக்கு நல்லதா கெட்டதா என்று எந்த ஆமையும் எனக்குச் சொல்லவில்லை.

தூங்கியின் கதை உனக்குத் தெரியும். ஒருநாள் திடீரென்று வாய் திறந்து உன் உம்மாவின் விரலைக் கடித்தது. கடி வாங்கிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. பிறகு தின்று தின்று சட்டி கொள்ளாமல் போய், நீ அதை ஆற்றில் விட்டாய். விட்ட இடத்திலேயே அது அசையாமல் இருந்தது. போ என்று நீ கெஞ்சினாய். நூல் வீட்டிலேயே தங்கிவிட்டது. கிணற்றடியில் இருக்கும், நினைத்தால் வேலிக்குக் கீழால் ஆற்றுக்குப் போகும், பசித்தால் வரும். ஓடு வளர்ந்தது, ஆனால் அளவில் சின்னதுதான். சின்னதாக இருந்தாலும் கோழிகளுக்கு அதைக் கண்டால் பயம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், இது உனக்குத் தெரியாது. நீ மாப்பிள்ளையாகப் போன பிறகு, பின்பக்கம் சாம்பல் கொட்டுகிற குழியின் ஓரத்தில் நூல் பின்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இத்தனை காலம் ஆண் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்த நூல் பெண். முட்டை போட்டது. மாரிமுத்து அண்ணன் தெரியாமல் சாம்பல் கூடையோடு போய் ஒன்றை மிதித்துவிட்டார். பார்க்க வேண்டும் மகன் நீ. ஓடு முழுக்க மஞ்சள். பெருவிரல் அளவு முட்டையில் அவ்வளவு மஞ்சள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தன்னுடைய கட்டுச்சோற்றைப் பிறந்த அன்றே கத்தரிக்குக் கொடுத்த குஞ்சு அது. அதற்கு யார் சோறு கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள்? தாயையும் காணவில்லை, தாய் கட்டியதையும் முழுதாகத் தின்னவில்லை. ஆனால் தன் பிள்ளைக்குக் கட்டுகிறபோது ஒரு பருக்கையும் குறைக்கவில்லை. மாரிமுத்து அண்ணன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து உடைந்த முட்டையைப் பார்த்தார். “நல்லாக் கட்டியிருக்குதுங்க” என்றார்.

அன்றுதான் உன் கடுதாசியும் வந்தது. ஆகையால் குழப்பத்தின் மேல் குழப்பம். உன் உம்மா சொல்கிறாள், மா போகத்தான் வேண்டும். முதல் பாண் வெறும் டின் மாவில் பொங்கினால் அது நம்முடைய பிள்ளையின் பாண் இல்லை என்கிறாள். வேண்டாமென்றால் வாசலில் வைத்துவிட்டு வரட்டும் மாரிமுத்து என்கிறாள். தங்கச்சி சொல்கிறாள், அவளுடைய நானா நீ வேண்டாமென்றால் வேண்டாம்தான், வயிறு நிறைந்தவன் முகத்தைத் திருப்பினால் கோபிக்கக் கூடாதாம். மாரிமுத்து அண்ணனைக் கேட்டேன். சட்டி கனமில்லை, போட்டால் எடுத்துப் போகிறேன், போடாவிட்டால் கை வீசிக்கொண்டு போகிறேன் என்றார். காலை ரயில் கோச்சிக்கு அவர் உன்னிடம் வருகிறார். முதல் நாள் உனக்கு ஒரு கை உதவி வேண்டும், அதை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடாதே, அவர் பெருநாள் சட்டை எடுத்துக் கழுவிக் காயப் போட்டிருக்கிறார். சட்டி என் பக்கத்தில் இருக்கிறது. துணியைத் தூக்கிப் பார்த்தேன், பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு ஒரு குழப்பமும் இல்லை.

இதை எழுதுகிறபோது ஒன்று நினைவுக்கு வந்து பேனையை வைத்துவிட்டேன். நீ போகும்போது எங்கள் பழைய மரத்தொட்டியைக் கேட்டு வாங்கிப் போனாயே, மா பிசைகிற தொட்டி. புதிது செய்ய மரம் காய வேண்டும், அதுவரைக்கும் இதில் பிசைகிறேன் என்றாய். நானும் கரத்தையில் ஏற்றிவிட்டேன். அந்தத் தொட்டியின் மூலைகளைக் கவனித்தாயா? பலகை சேர்கிற வெடிப்பில் பழைய மா காய்ந்து கல்லாக இருக்கும். நான் பிசைந்தது, மாரிமுத்து அண்ணன் பிசைந்தது, நீ வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று முழங்கைவரைக்கும் விட்டுப் பிசைந்தது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அது எழும்பும். நீ டின்னிலிருந்து என்னத்தைக் கொட்டினாலும் சரி, அதோடு சேர்ந்து இதுவும் பொங்கும். நீ வேண்டாமென்று எழுதிய சாமான் உன் வீட்டுக்குள் வந்து எத்தனையோ நாளாயிற்று, மகன். கத்தரியை எடுக்க முந்தியே கொஞ்சம் உள்ளுக்குப் போய்விட்டது. எவ்வளவு என்று யார் கண்டது?

ஆனால் உன்னை எனக்குத் தெரியும். நீ துப்புரவுக்காரன். புது இடம், புதுப் போறணை என்று கொதிதண்ணீர் ஊற்றித் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, கத்தியால் மூலையைச் சுரண்டி, தொட்டியைப் புதுப்பெண் மாதிரி ஆக்கி வைத்திருப்பாய். அப்படிச் செய்திருந்தால் அதிலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நூலைப் பார்த்த பிறகு சுரண்டினால் கெட்டுவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணிஸைப் பார்த்த பிறகு சுரண்டாமல் விட்டால் நல்லது என்று சொல்லவும் வாய் வரவில்லை. புத்தி சொல்ல உட்கார்ந்த தகப்பன் இப்படித் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்று பேசினால் மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும். அவர்களுக்கும் பிள்ளை இருக்கிறது.

ஆகையால் சட்டி வராது. மாரிமுத்து அண்ணனும் இந்தக் கடுதாசியும் மட்டும்தான் வருவார்கள். உன் உம்மா அவருடைய துணிப்பைக்குள் ஏதோ திணித்துக்கொண்டிருக்கிறாள், நான் மற்றப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருப்பதால் எனக்குத் தெரியாது. அது சம்பலாக இருந்தால் வாங்கிச் சாப்பிடு. பசியில்லை என்றாலும் சாப்பிடு. முகத்தைத் திருப்பாதே, நீ ஆமை இல்லை.

இத்தனை காலம் இங்கேயிருந்துதான் அங்கே போய்க்கொண்டிருந்தது. இந்த ஒரு முறை நீ அனுப்பு. வெள்ளிக்கிழமை முதலில் இறங்குகிற பாணில் ஒன்றைத் துணியில் சுற்றி, சாயங்காலக் கோச்சியில் மாரிமுத்து அண்ணன் கையில் கொடுத்துவிடு. சூடு ஆறினாலும் பரவாயில்லை. நானும் உன் உம்மாவும் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு இருப்போம். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும், நீ அந்தத் தொட்டியைக் கழுவினாயா இல்லையா என்று.

தெரிந்தாலும் உன் உம்மாவுக்குச் சொல்லமாட்டேன். நம்ம மாதான் என்று சொல்லி அடுத்த துண்டையும் கொடுப்பேன்.

உன் வாப்பா